மூன்றுக்குக் கீழே போனால் மூட்டை கட்ட வேண்டுமா?

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் நம் பிள்ளைகளை அலைக்கழிக்கும் கிரேடு கணக்கு

டிசம்பர் மூன்றாவது வாரம். டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் இரண்டு படுக்கையறை கொண்ட அபார்ட்மென்ட். நான்கு பேர் வாடகையைப் பங்குபோட்டுக்கொண்டு தங்கியிருக்கிறார்கள். ஹாலில் காற்று மெத்தை, அடுப்பில் குக்கர், மேஜையில் திறந்து கிடக்கும் லேப்டாப். இரவு ஒன்பதரைக்கு கிரேடுகள் வெளியாகின்றன. மூன்று பாடங்கள்: பி, பி மைனஸ், சி பிளஸ். திருப்பூரில் அப்போது காலை ஒன்பது மணி. வாட்ஸ்அப்பில் அம்மா.

“ரிசல்ட் வந்துருச்சா கண்ணு?”

“வந்துருச்சும்மா. ஆல் பாஸ்.”

பையன் பொய் சொல்லவில்லை. ஒரு அரியர்கூட இல்லை. நம் ஊர்க் கல்லூரியில் என்றால் அன்றைக்கு பிரியாணிதான். ஆனால், மூன்று கிரேடுகளையும் கூட்டி வகுத்தால் 2.67 வருகிறது. முதுநிலை மாணவருக்கு அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்பது 3.0. சில நாட்களில் அவனுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். ‘நீங்கள் அகடமிக் புரொபேஷனில் வைக்கப்பட்டிருக்கிறீர்கள்’ என்பதுதான் அதன் சாரம்.

இந்தக் காட்சி ஒரு தனி மாணவருடையது அல்ல. திருப்பூருக்குப் பதில் தூத்துக்குடி, டல்லாஸுக்குப் பதில் ஃபீனிக்ஸ், பையனுக்குப் பதில் பெண் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் மே மாதத்திலும் எங்கோ சில அறைகளில் இது நடக்கிறது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். பல ஆண்டுகளுக்குப் பிறகு சீனாவை முந்தி இந்தியா முதலிடம் பிடித்த ஆண்டு அது. அதில் 1,96,567 பேர் முதுநிலை, ஆராய்ச்சி மாணவர்கள். டியூஷன் கட்டணம், விசா நேர்காணல், டாலர் விலை என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு விமானம் ஏற்றும் குடும்பங்கள், இந்த 3.0 விவகாரத்தை மட்டும் அநேகமாக யாரிடமும் விசாரிப்பதில்லை.

‘பி’ என்றால் நல்ல மார்க் இல்லையா?

இளநிலை மாணவர் பட்டம் வாங்க அமெரிக்காவில் பொதுவாக 2.0, அதாவது சராசரியாக ஒரு ‘சி’ போதும். முதுநிலைக்கு வந்ததும் கோடு ஒரு படி மேலே ஏறிவிடுகிறது. முதுநிலை மாணவர் துறைக்குள் காலெடுத்து வைத்துவிட்டவர், வெறும் தேர்ச்சி அவருக்கு அழகல்ல என்பது அங்கே உள்ள எண்ணம். அதனால் ‘பி’ என்பது சராசரியாகத் தாண்டியே ஆகவேண்டிய கோடு. ‘பி மைனஸ்’ எச்சரிக்கை மணி. ‘சி’ போட்டால், பேராசிரியர் வாய்விட்டுச் சொல்லாமல் ‘உன்னிடம் ஏதோ சரியில்லை’ என்று சொல்கிறார்.

எழுத்தில் கிரேடு போடும் வழக்கத்துக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். மாசசூசெட்ஸில் உள்ள மவுண்ட் ஹோலியோக் கல்லூரி 1897-இல் 95-க்கு மேல் ஏ, 85-க்கு மேல் பி என்று வகுத்தது; 75-க்குக் கீழே வந்தால் தோல்வி. இன்று கோடு இடத்துக்கு இடம் மாறுகிறது. ஹார்வர்டின் முதுநிலைப் பள்ளி ஒவ்வோர் ஆண்டும் ‘பி’ சராசரி கேட்கிறது. எம்.ஐ.டி.யில் அளவுகோலே ஐந்து புள்ளி; அங்கே ஏ என்றால் 5. அரிசோனா ஸ்டேட்டில் ஒரே மாணவருக்கு மூன்று விதமான கிரேடு சராசரி (ஜி.பி.ஏ.) கணக்கிட்டு, மூன்றுமே 3.0-க்குக் குறையக் கூடாது என்கிறார்கள். சேப்பல் ஹில்லில் உள்ள நார்த் கரோலினா பல்கலைக்கழகம் இன்னும் கறார். ஹை பாஸ், பாஸ், லோ பாஸ், ஃபெயில் என நான்கே கிரேடு. ஒரே ஒரு ஃபெயில், அல்லது ஒன்பது கிரெடிட் அளவுக்கு லோ பாஸ் வந்தால் படிப்பைத் தொடரும் தகுதி போய்விடும். ‘லோ பாஸ்’ என்பதிலும் பாஸ் இருக்கிறதே என்று நம் பிள்ளைகள் நினைத்தால் அவர்கள் மேல் தப்பில்லை.

நாம் பழகிய ஏற்பாடு முற்றிலும் வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரு பாடத்தில் ஐம்பது எடுத்தால் அந்தப் பாடம் முடிந்தது. எடுக்காவிட்டால் அரியர், அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பாடத்தின் தோல்வி இன்னொரு பாடத்தைத் தொடாது. 2020-இல் கொரோனாவைக் காரணம் காட்டி அரியர் தேர்வுகளை ரத்து செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தபோது ஊருக்கு ஊர் நன்றி பேனர் கட்டினார்கள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. அந்த அளவுக்கு அரியர் நம் வாழ்க்கையில் ஒரு அங்கம். அமெரிக்க முதுநிலைப் படிப்பில் அந்த வசதி கிடையாது. பாடத்தைத் திரும்பப் படிக்கலாம். ஆனால் கட்டணம் முழுதாகத் திரும்பக் கட்ட வேண்டும். பல இடங்களில் பழைய கிரேடும் சராசரியில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

தேர்வு முறையும் வேறு. அங்கே வாராவாரம் ஹோம்வொர்க், நடுவே மிட்டெர்ம், ஒரு புராஜெக்ட், கடைசியில் ஃபைனல். செமஸ்டர் முடிவில் கண் விழித்துப் படித்ததை மூன்று மணி நேரத்தில் எழுதித் தப்பிப்பது நடக்காது. செப்டம்பரில் விட்ட இரண்டு ஹோம்வொர்க், டிசம்பரில் கிரேடை இழுத்துவிடும். ரீவேல்யூவேஷனுக்குப் பணம் கட்ட எங்கேயும் கவுன்டர் இல்லை. கிரேடு போடும் அதிகாரம் பேராசிரியருக்கு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்ற இடங்களில் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது அவ்வளவு அதிர்ச்சி தருவதில்லை. மற்றவர்களுக்கு முதல் செமஸ்டரே பாடம் கற்பிக்கும் செமஸ்டர்.

---
பெட்டிச் செய்தி: இது வெறும் கூட்டல் கணக்கு

ஏ = 4.0, ஏ மைனஸ் = 3.7, பி பிளஸ் = 3.3, பி = 3.0, பி மைனஸ் = 2.7, சி பிளஸ் = 2.3, சி = 2.0, எஃப் = 0. பரவலாக உள்ள அளவுகோல் இதுதான்.

முதல் செமஸ்டரில் பி, பி மைனஸ், சி பிளஸ் எடுத்தவரின் சராசரி 2.67. இரண்டாவது செமஸ்டரில் மூன்று பாடத்திலும் பி பிளஸ் வாங்கினாலும் மொத்தம் 2.98-தான், கோட்டைத் தொடாது. ஒரு ஏ, இரண்டு பி என்றால் சரியாக 3.0.

முதல் செமஸ்டரில் இரண்டு பி, ஒரு எஃப் எடுத்தவருக்கு அடுத்த செமஸ்டரில் மூன்றும் ஏ வந்தால் மட்டுமே 3.0.

பத்துப் பாடங்களையும் பாஸ் செய்து சராசரி 2.95-இல் நின்றால் பட்டம் கிடைக்காது. கூடுதலாகப் பாடம் எடுத்து, அதற்கும் பணம் கட்டி, சராசரியை ஏற்ற வேண்டும்.

---

கிரேடு விழுந்தால் விசா ஆடும்

புரொபேஷன் என்றால் வெளியேற்றம் என்று பொருளில்லை. ஒரு செமஸ்டர், சில இடங்களில் இரண்டு, சராசரியை மீட்க அவகாசம் தருகிறார்கள். அட்வைசரைப் பார்த்து ஒரு திட்டம் எழுதிக் கொடுக்கும்வரை பல இடங்களில் அடுத்த பதிவை நிறுத்தி வைப்பார்கள். அதற்குள் ஏறாவிட்டால்தான் டிஸ்மிஸல். அமெரிக்கக் குடிமகனான மாணவருக்கு இது கௌரவப் பிரச்னை, பணப் பிரச்னை. அவர் ஒரு பாடத்தைப் பாதியில் ‘டிராப்’ செய்யலாம். ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். மனசு சரியில்லை என்றால் அப்பா அம்மா வீட்டில் போய் இருந்துவிட்டு வரலாம்.

எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் உள்ளவருக்கு இந்தக் கதவுகள் ஒவ்வொன்றிலும் பூட்டு. அவர் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேர மாணவராக இருந்தாக வேண்டும். முதுநிலையில் பொதுவாக ஒன்பது கிரெடிட், அதாவது மூன்று பாடம். மூழ்கும் பாடத்தை டிராப் செய்தால் கிரேடு தப்பும், விசா போகும். டிராப் செய்யாவிட்டால் விசா தப்பும், கிரேடு போகும். முதல் செமஸ்டரில் தடுமாறும் மாணவர் மாட்டிக்கொள்வது சரியாக இந்த இடத்தில்தான்.

அதிலிருந்து வெளியே வர ஒரு சின்ன வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் தொடக்கத் தடுமாற்றம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாதது, தகுதிக்கு மீறிய பாடத்தில் சேர்ந்துவிட்டது ஆகிய காரணங்களுக்காகப் பாடச் சுமையைக் குறைத்துக்கொள்ள, பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உள்ள டி.எஸ்.ஓ. அனுமதி தரலாம். குறைந்தது பாதிச் சுமையையாவது சுமக்க வேண்டும். அடுத்த செமஸ்டரே முழுநேரத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு பட்டப் படிப்புக்கு ஒரு முறைதான். உடல்நலக் காரணம் என்றால் மருத்துவரின் கடிதத்தோடு மொத்தம் 12 மாதம்வரை அனுமதி உண்டு. மனநலமும் இதில் அடக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: அனுமதி முதலில், டிராப் அப்புறம். வரிசை மாறினால் வழி அடைபட்டுவிடும். பலர் டிராப் பட்டனை அமுக்கிவிட்டு மறுநாள் அலுவலகத்துக்குப் போகிறார்கள்.

இன்னொரு விதி இருக்கிறது. படித்ததிலேயே எனக்குக் கொடூரமாகப் பட்டது அதுதான். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் குறித்த தேதிக்குள் படிப்பு முடியாவிட்டால், கல்வி சார்ந்த காரணமோ மருத்துவக் காரணமோ காட்டி நீட்டிப்பு கேட்கலாம். ஆனால் புரொபேஷனாலோ சஸ்பென்ஷனாலோ ஏற்பட்ட தாமதம் நீட்டிப்புக்கு ஏற்ற காரணம் ஆகாது என்று விதியில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம், ‘இன்னும் இரண்டு பாடம் எடுத்து சராசரியை ஏற்று, பட்டம் தருகிறேன்’ என்கிறது. குடிவரவு விதி, ‘அதற்கு நாள் தர மாட்டேன்’ என்கிறது. இரண்டும் தனித்தனியே நியாயமாகத் தோன்றலாம். சேர்ந்தால் ஒரு 23 வயதுப் பிள்ளையை நசுக்கிவிடுகின்றன.

---
பெட்டிச் செய்தி: எத்தனை நாள்?

படிப்பை முடித்தால்: நாட்டை விட்டுக் கிளம்ப 60 நாள்.

டி.எஸ்.ஓ. அனுமதியோடு பாதியில் நிறுத்தினால்: 15 நாள்.

மாணவர் தகுதியை இழந்தால்: ஒரு நாளும் இல்லை.

தகுதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க: பொதுவாக 5 மாதத்துக்குள்.

---

2025-ஆம் ஆண்டு இந்தப் பயத்தைப் பன்மடங்காக்கியது. அந்த ஆண்டு வசந்தத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் தரவுத்தளம்) பதிவுகள் திடீரென ரத்தாகி, வழக்குகளுக்குப் பிறகு திரும்பின. அதற்கும் கிரேடுக்கும் சம்பந்தமில்லை. ஆகஸ்டில், படிப்பு முடியும்வரை தங்கலாம் என்ற பழைய ஏற்பாட்டை மாற்றி அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று வரம்பு கட்டவும், அந்த 60 நாளை 30 ஆக்கவும் அமெரிக்க அரசு முன்மொழிந்தது. இவற்றையெல்லாம் செய்தியில் பார்த்த பிறகு, புரொபேஷன் மெயில் வந்த மாணவர் டி.எஸ்.ஓ. அலுவலகப் படியை மிதிக்கவே பயப்படுகிறார். புரொபேஷனில் இருப்பதாலேயே விசா ரத்தாகாது என்று அங்கே போனால் சொல்லியிருப்பார்கள்.

பணம் எங்கே அடிபடும்?

டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்), ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர்) வேலை கிடைத்தவர்களுக்குக் கட்டணத் தள்ளுபடியும் மாதச் சம்பளமும் உண்டு. பெரும்பாலான துறைகள் இதற்கு ‘குட் ஸ்டாண்டிங்’ கேட்கும். சராசரி 2.9 ஆனால் கிரேடோடு சம்பளமும் கட்டணத் தள்ளுபடியும் ஒரே செமஸ்டரில் கைவிட்டுப் போகலாம். கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கான அனுமதியும் பல இடங்களில் இதே நிபந்தனையின்மேல் நிற்கிறது. மேலே சொன்ன இருவகை வேலையும் இல்லாமல் கடனில் மட்டும் படிப்பவர்கள்தான் நம் எம்.எஸ். மாணவர்களில் அதிகம். அவர்களின் கணக்கு வேறு: படிப்பு முடிந்ததும் 12 மாதம் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி, அறிவியல், பொறியியல் துறை என்றால் கூடுதலாக 24 மாதம். இந்த மூன்றாண்டு டாலர் சம்பளத்தை நம்பித்தான் இங்கே வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போயிருக்கிறது. பொதுத்துறை வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் சொத்து அடமானம் உண்டு. வெளிநாட்டுப் படிப்பு அந்த வரம்புக்குள் அடங்குவது அபூர்வம். பட்டம் தள்ளிப்போனால் ஓ.பி.டி. தள்ளிப்போகும். வங்கியின் காலக்கெடு தானாகத் தள்ளிப்போகாது.

இந்த நெருக்கடியில் பிள்ளைகள் செய்கிற தப்புகளையும் சொல்லியாக வேண்டும். செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். செலவுக்குப் போதவில்லை என்று பெட்ரோல் பங்கிலும் உணவகத்திலும் ரொக்கத்துக்கு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி அது விசாவுக்கே உலை. இரவு இரண்டு மணிக்கு அறைக்குத் திரும்பினால் ஹோம்வொர்க்கை யார் செய்வது? அப்போதுதான் சீனியர் தந்த பழைய நிரல், நண்பனின் அசைன்மென்ட் என்று கை நீளும். நம் விடுதிகளில் ‘அசைன்மென்ட் கொடு மச்சான்’ என்பது நட்புக்கு அடையாளம். அங்கே இருவருக்கும் சேர்த்து எஃப். வேரியபிள் பெயர்களை மாற்றிவிட்டால் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இரண்டு நிரல்களின் ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் ‘மாஸ்’ என்ற மென்பொருளை அலெக்ஸ் ஐக்கன் என்ற பேராசிரியர் 1994-இலேயே எழுதிவிட்டார். பல கணினித் துறைகள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன.

அப்பாவுக்குத் தெரியாது, தெரியவும் வராது

இங்கே வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்தாலே அப்பாவின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கல்லூரிகள் உண்டு. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் கிரேடு அவருடைய சொந்த விஷயம். அவர் எழுத்தில் சம்மதிக்காமல் நம் ஊர்ப் பெற்றோருக்கு எதையும் சொல்ல மாட்டார்கள். கடன் கையெழுத்து அப்பாவுடையது என்றாலும் அப்படித்தான். வளர்ந்த மனிதரை வளர்ந்தவராக மதிக்கும் நல்ல சட்டம்தான். ஆனால், வீட்டை அடமானம் வைத்து அனுப்பப்பட்ட பிள்ளைக்கு, மறைப்பதற்கு இவ்வளவு சுலபமான வழி வேறில்லை. செமஸ்டர் செமஸ்டராக ‘ஆல் பாஸ்’ என்று கேட்ட வீட்டுக்கு, டிஸ்மிஸல் கடிதம் வந்த பிறகுதான் முதல் செய்தியே போகிறது. பிள்ளைகள் பயப்படுவது பல்கலைக்கழகத்துக்கு மட்டுமில்லை.

பிஎச்.டி. மாணவர்களின் கதை தனி. அங்கே கிரேடைவிட, குவாலிஃபையிங் தேர்வும் வழிகாட்டியின் மனசும்தான் தீர்மானிக்கின்றன. அந்தத் தேர்வில் இரண்டாவது முறையும் தவறினால், கையில் ஒரு மாஸ்டர்ஸ் பட்டத்தைக் கொடுத்து அனுப்பிவிடும் துறைகள் நிறைய. எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியவருக்கும் ஆய்வு திருப்தியில்லை என்று வருடாந்திர மதிப்பீட்டில் எழுதலாம்.

---
பெட்டிச் செய்தி: கோர்ட்டுக்குப் போகலாமா?

மிசௌரி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த சார்லட் ஹோரோவிட்ஸ், இறுதியாண்டில், 1973-இல் நீக்கப்பட்டார். விசாரணை இல்லாமல் நீக்கியது தவறு என்றார். 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்வித் தரக் காரணத்துக்காக நீக்க முறையான விசாரணை தேவையில்லை என்று தீர்ப்பளித்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆறாண்டு மருத்துவத் திட்டத்தில் படித்த ஸ்காட் யூயிங், 345 தேவைப்பட்ட தேர்வில் 235 எடுத்தார். மற்றவர்களுக்குத் தந்த மறுவாய்ப்பு தனக்கு மறுக்கப்பட்டது என்று வழக்குப் போட்டார். 1985-இல் அதே நீதிமன்றம், ஆசிரியர்களின் கல்வி சார்ந்த முடிவில் தலையிட மறுத்தது.

நடைமுறையில் இதன் பொருள்: பல்கலைக்கழகத்தின் உள் மேல்முறையீடுதான் கடைசி நம்பிக்கை. அங்கே உணர்ச்சிகரமான கடிதம் எடுபடாது. மருத்துவச் சான்று, தேதிகள், அடுத்த செமஸ்டருக்கான திட்டம் ஆகியவைதான் எடுபடும்.

---

கோட்டை இறக்க வேண்டாம்

வெளிநாட்டு மாணவருக்கு என்று தனியாக 3.0-ஐ 2.7 ஆக்குங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் நாளை நம் பிள்ளைகளின் பட்டத்தைத்தான் வேலை தருபவர்கள் ஒரு படி குறைத்துப் பார்ப்பார்கள். குறை கோட்டில் இல்லை. தண்டனை விழும் நேரத்தில் இருக்கிறது. எம்.ஐ.டி.யில் முதலாண்டு இளநிலை மாணவர்களுக்கு முதல் செமஸ்டரில் எழுத்துக் கிரேடே கிடையாது. பாஸ் என்றால் பாஸ், தவறினால் பதிவில் வராது. புது இடம் பழகட்டும் என்று விடுகிறார்கள். பதினெட்டு வயது அமெரிக்கப் பிள்ளைக்குத் தரும் அந்த நான்கு மாத அவகாசத்தை, கடல் தாண்டி வந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே சமைத்து, தானே வங்கிக் கணக்கு திறந்து, புரியாத ஆங்கில உச்சரிப்பில் பாடம் கேட்கும் 22 வயதுப் பிள்ளைக்கு ஏன் தரக் கூடாது? 2020 வசந்தத்தில் கொரோனா வந்தபோது பல முதுநிலைப் பள்ளிகள் ஒரே மாதத்தில் பாஸ்-ஃபெயில் முறைக்கு மாறிக் காட்டின. முடியாத காரியம் ஒன்றுமில்லை.

அதுவும் வேண்டாம் என்றால், மிட்டெர்ம் முடிந்ததுமே எச்சரிக்கை அனுப்பலாம். பல இடங்களில் இளநிலை மாணவருக்கு அப்படி அனுப்புகிறார்கள். முதுநிலை மாணவர் பெரியவர், தானே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. சீட் வாங்கித் தருவதோடு கன்சல்டன்சிகளின் கடமை முடிந்துவிடுகிறது. முதல் செமஸ்டரிலேயே அல்காரிதம்ஸ், மெஷின் லேர்னிங், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் மூன்றையும் ஒன்றாக எடுத்து ‘சீக்கிரம் முடித்துவிடலாம்’ என்று சீனியர்கள் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒன்று கனமாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று இலகுவாக எடுப்பதே புத்திசாலித்தனம். கட்டணம் கட்டும் முன், அந்தப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைக் கையேட்டில் புரொபேஷன் பற்றிய பக்கத்தை மாணவரும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். மீட்க எத்தனை செமஸ்டர் தருகிறார்கள், திரும்பப் படித்தால் பழைய கிரேடு அழியுமா, எத்தனை ‘சி’வரை பட்டத்துக்குக் கணக்காகும் என்பதெல்லாம் அதில் கறுப்பு வெள்ளையில் இருக்கும்.

பெற்றோருக்கு ஒன்று: 2.8 வந்தது என்று பிள்ளை சொன்னால் திட்டாதீர்கள். சொன்னதே பெரிது. அந்த நேரத்தில் அழைத்துப் பேச ஆள் இருந்தால் பாதிப் பிரச்னை தீரும்.

மாணவர்களுக்கு: ஸ்பிரிங் செமஸ்டர் ஜனவரியில் தொடங்குகிறது. டிராப் செய்யக் கடைசி நாள் எது என்று அகடமிக் காலண்டரில் இப்போதே பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்றாவது வாரமே ஒரு பாடம் கைமீறுகிறது என்று தெரிந்தால், பட்டனை அமுக்கும் முன் டி.எஸ்.ஓ.வைப் போய்ப் பாருங்கள். அந்தச் சந்திப்புக்குக் கட்டணம் கிடையாது.